தண்ணீருக்கும் ஒரு பாஸ்புக் வேண்டும்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் இரண்டாவது போர்வெல் போடுவது பற்றி ஒரு தீர்மானம் இருக்கிறது. அது கூடவே கூடாது என்று சொல்ல நான் எழுந்து நிற்கவில்லை. அதற்கு முன் ஒரு வருடம் நம் தண்ணீரை அளந்து பார்ப்போம் என்று கேட்கத்தான் நிற்கிறேன். வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். இருப்பு தெரியாமல் செக் எழுதக்கூடாது என்று கவுன்டரில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதையே இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் நம் வரவு செலவு. 48 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். பெருக்கினால் தினமும் ஏறத்தாழ 26,000 லிட்டர். அது செலவு.

வரவைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். நம் மொட்டை மாடி சுமார் 1,000 சதுர மீட்டர். வருட மழையை 1,000 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 10 லட்சம் லிட்டர். சிந்தியது, ஆவியானது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 8 லட்சம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நம் செலவுக்கு அது ஒரு மாதம்தான் வரும். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நாமும் குழாய் வைத்திருக்கிறோம், நல்லதுதான். ஆனால் மீதி பதினோரு மாதத்துக்கு மாநகராட்சிக் குழாயையும் போர்வெல்லையும்தான் நம்பியிருக்கிறோம். குழாயில் வருவதற்குப் பாலாற்றுப் படுகைக் கிணறுகள் முக்கிய ஆதாரம். வருடத்தில் பல மாதம் அந்த ஆறு எப்படி இருக்கிறது என்பது பாலத்தைத் தாண்டிப் போகும் எல்லோருக்கும் தெரியும்.

போர்வெல் தண்ணீர் நம் சொந்த டெபாசிட் இல்லை. அது ஜாயின்ட் அக்கவுன்ட். நம் பின்தெருவில் இன்னும் உறைகிணற்றை நம்பியிருக்கும் நெசவாளர் வீடுகள் இருக்கின்றன. குடிக்க, புழங்க, பட்டு நூலை அலச எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்தக் கிணறுதான். நாம் இன்னும் ஆழமாகத் துளை போட்டு இழுத்தால் அவர்கள் கிணறு இறங்குமா, இறங்காதா? இறங்கும் என்று சிலரும், அது வேறு ஊற்று என்று சிலரும் சொல்கிறீர்கள். அளந்து பார்க்காமல் இரண்டு கட்சியும் பேசுகிறோம். இந்த அக்கவுன்டில் எல்லோரிடமும் செக்புக் இருக்கிறது, பாஸ்புக் மட்டும் யாரிடமும் இல்லை.

பாஸ்புக் போடப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கமும், குஜராத்தில் மேக்ரஜ் பக்கமும் கிராமத்து ஆட்களே இதைச் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு ‘பூஜல் ஜான்கார்’ என்று பெயர். நிலத்தடி நீர் அறிந்தவர் என்று பொருள். வாரம் ஒருமுறை அளவு நாடாவோடு கிணறு கிணறாகப் போய் நீர்மட்டத்தைக் குறிப்பார்கள். அதைப் பதிந்து வைக்க ‘மைவெல்’ என்று ஒரு செல்போன் செயலியும் செய்தார்கள். ஊர்க் கிணறுகளில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த போகத்துக்கு என்ன பயிர் வைக்கலாம் என்று உட்கார்ந்து பேச முடிகிறது.

இன்னொன்று கர்நாடகத்தில், ஹூப்ளி-தார்வாடில் நடந்தது. அங்கே சில நாட்களுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். ‘நெக்ஸ்ட்டிராப்’ என்ற நிறுவனம் ஓர் ஏற்பாடு செய்தது. வால்வு திறக்கும் ஊழியர் போன் செய்து சொன்னால், அந்தப் பகுதி வீடுகளுக்கு எஸ்.எம்.எஸ். போகும். பிறகு பெங்களூருக்கும் வந்தது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. வால்வு ஊழியர்கள் ஒழுங்காகத் தகவல் சொல்லவில்லை. வந்த செய்தியும் பல வீடுகளில் தண்ணீருக்குக் காத்திருப்பவர் கைக்குப் போகவில்லை.

இந்த இரண்டிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். போன் மலிவு. அதில் தினமும் என்ட்ரி போடும் ஆள்தான் அருமை. லெட்ஜர் எவ்வளவு நல்ல தாளில் இருந்தாலும், பதிவு விட்டுப்போனால் டேலி ஆகாது.

நம் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இருக்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ‘ஏரி வாரியம்’ என்று தனிக் குழு. குடவோலை முறையில் தேர்வு. பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி வர முடியாது. தண்ணீரோடு கணக்கையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று: தினமும் காலை மோட்டார் போடும் முன் போர்வெல் லைன் மீட்டரையும், மாநகராட்சி லைன் மீட்டரையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. டேங்கர் லாரி வந்தால் அதையும் எழுதுவது.

இரண்டு: ஞாயிறுதோறும் நம் வளாகத்துப் பழைய கிணற்றின் நீர்மட்டத்தை அளப்பது. அளவு நாடாவும் ஒரு எடைக்கல்லும் போதும். எப்போதும் விளிம்பில் ஒரே குறியிலிருந்து, மோட்டார் ஓடாத அதிகாலையில். இறைத்த உடனே அளந்தால் மட்டம் இறங்கித் தெரியும், கணக்கு தப்பாகும். போர்வெல்லை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்து மாதம் ஒருமுறை அளக்கலாம். அதில் மின்சாரம் இருக்கிறது, நாம் கை வைக்க வேண்டாம்.

மூன்று: பின்தெருவில் சம்மதிக்கிறவர்கள் வீட்டுக் கிணறு இரண்டு மூன்றை அதே நாளில் அளப்பது. நாம் அதிகம் இறைத்த வாரத்தில் அவர்கள் கிணறு இறங்குகிறதா என்று ஒரே ஷீட்டில் தெரிந்துவிடும். அந்த ஷீட்டை அவர்களும் பார்க்க வேண்டும்.

நான்கு: நம் குழுவில் வீட்டு உரிமையாளர்கள் மட்டும் இல்லாமல் வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள், வாட்ச்மேன் எல்லோரையும் சேர்ப்பது. பெங்களூர்ப் பாடம் அதுதான்.

“அளந்துகொண்டே இருந்தால் மே மாதம் குளிக்க முடியுமா சார்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அளந்தால் தண்ணீர் ஊறாது. ஆனால் மட்டம் இறங்குவது பிப்ரவரியிலேயே தெரியும். அப்போதே தோட்டத்துக்கும் கார் கழுவவும் குறைத்துக்கொள்ளலாம், ஒழுகும் வால்வைத் தேடலாம். மே மாதம் காய்ந்த பிறகு தெரிந்தால் டேங்கருக்குப் போன் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு வருட முடிவில் புது போர்வெல் வேண்டும் என்று கணக்கு சொன்னால், முதலில் கையெழுத்துப் போடுபவன் நானாக இருப்பேன்.

இந்த வேலைக்கு வீட்டுக்கு ஒருவர் வேண்டாம், நான்கு பேர் போதும். ஒரு வருடம்தான் பதவி, முடிவில் இதே மேடையில் கணக்குக் காட்ட வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் சொல்லுங்கள். வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் கிணற்றடியில் முதல் அளவு எடுக்கிறோம்.