கல்லுக்குள் ஒரு கடல்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பெருமாள் கோயிலில் சாளக்கிராமம் பார்த்திருப்பீர்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருங்கல். அதற்குள் சக்கரம் போல ஒரு சுருள். அதைச் செதுக்கியது யாருங்க? யாரும் இல்லை! பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய அம்மோனைட்டு என்னும் உயிரின் ஓடு அது. சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டது. இதைப் புதைபடிவம் என்பார்கள். பாசாரில் வாங்கிச் சம்பல் வைக்கிறோமே சோத்தோங், அதற்கு இது சொந்தக்காரன். தலையிலேயே கால் முளைத்திருப்பதால் இந்தக் குலத்துக்குத் தலைக்காலிகள் என்று பெயர்.

நம் நாட்டிலும் இவை உண்டு. லங்காவித் தீவின் செத்துல் சுண்ணாம்புப் பாறையில், 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய தலைக்காலிகள், குழாய் போல நீண்ட ஓட்டுடன் கிடக்கின்றன. 2007-இல் யுனெஸ்கோ லங்காவியைப் புவிப்பூங்காவாக ஏற்றுக்கொண்டது. சுற்றுலா போனால் கண்ணால் பாருங்கள். கல்லை உடைத்து எடுக்காதீர்கள்.

ஆனால் இந்தக் குலம் வாழ்ந்த கதையையும் வீழ்ந்த கதையையும் அடுக்கடுக்காகப் படிக்க வேண்டுமானால், நம் பாட்டன் பூட்டனில் பலர் கப்பலேறி வந்த திருச்சிச் சீமைக்குத்தான் போக வேண்டும். கல்லக்குடி, அரியலூர் எல்லாம் இன்று வெயில் காயும் பூமி. அன்று அது கடல்!

கல்லக்குடியில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பகுதி, சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பவளப்பாறை. பவளம் வளரத் தெளிந்த, ஆழமற்ற, வெளிச்சம் படும் தண்ணீர் வேண்டும். பிறகு கடல் ஆழமானது, சேறு படிந்தது. அதற்கு மேலுள்ள காரை கிராமத்துக் களிமண்ணில் அம்மோனைட்டும், துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட்டும் நிறைந்திருக்கின்றன. இடம் அதேதான்; குடியிருந்தவர்கள் மாறிவிட்டார்கள். 1860-களிலேயே பிளான்ஃபோர்டு, ஸ்டோலிஸ்கா என்னும் அறிஞர்கள் இவற்றை ஆராய்ந்து நூல் வெளியிட்டார்கள்.

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரிய விண்கல் ஒன்று மெக்சிகோப் பக்கம் விழுந்தது. டைனோசர்களோடு அம்மோனைட்டும் அழிந்தது. அரியலூர் வட்டாரத்து நின்னியூரில் அதற்குப் பிந்திய பாறை இருக்கிறது. அதில் அம்மோனைட்டு கிடையாது. ஆனால் அதன் பங்காளியான நாட்டிலஸ் வகை இருக்கிறது! நாட்டிலஸ் இன்றும் பசிபிக் கடலில் நீந்துகிறது.

ஒருவன் போனான், ஒருவன் பிழைத்தான். ஏன்? அறிஞர்கள் சொல்லும் காரணத்தைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். அம்மோனைட்டுக் குஞ்சு கடுகளவு. கடலின் மேல்மட்டத்தில் மிதந்து, அங்குள்ள நுண்ணுயிர்களைத் தின்று வளர வேண்டும். அந்த மேல்மட்டமே கெட்டபோது அதற்குப் போக்கிடம் இல்லை. நாட்டிலஸ் முட்டையோ பெரிது. குஞ்சு பொரிய ஓராண்டு போல ஆகும். தாய் கொடுத்த கருவுணவைத் தின்று, ஓரங்குல அளவு வளர்ந்த பிறகே வெளியே வரும்.

பெரியோர்களே! ரப்பர்க் காடு செம்பனையானதை நாம் கண்ணாரக் கண்டவர்கள். காலம் மாறும், அதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாமலிருக்க நம்மால் ஆகும். நாம் கட்டிக்கொடுக்கும் கருவுணவு கல்விதான். இன்று பரிசு வாங்கும் பிள்ளைக்கும் அது வேண்டும். வாங்காத பிள்ளைக்கும் வேண்டும்.