ரோமில் 99 ஆண்டு, மும்பையில் 39 நிமிடம்

கி.மு. 263இல் ரோமானியப் படை சிசிலித் தீவின் கட்டானியா நகரைப் பிடித்தது. வெற்றி பெற்ற தளபதி மானியஸ் வலேரியஸ் மெஸ்ஸல்லா ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பொருள்களில் ஒரு சூரியக் கடிகாரமும் இருந்தது. ரோம் நகரின் பொதுச் சதுக்கத்தில், தலைவர்கள் ஏறி நின்று பேசும் மேடைக்குப் பக்கத்தில், ஒரு தூணின்மேல் அதை நிறுத்தினார்கள். ஊரே அதைப் பார்த்து நேரம் சொன்னது.

அதில் ஒரு குறை இருந்தது. அந்தக் கல்லில் வெட்டியிருந்த கோடுகள் கட்டானியாவின் வெயிலுக்குப் போட்ட கோடுகள். ரோமின் வெயிலுக்கு அவை பொருந்தாது. ஆனாலும் 99 ஆண்டுகள் ரோம் அந்தக் கல்லின் சொல்லைக் கேட்டே நடந்தது. கி.மு. 164இல் குயின்டஸ் மார்சியஸ் பிலிப்பஸ் என்ற அதிகாரிதான் ரோமுக்கென்றே கணக்கிட்ட ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தார். ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அதற்கு முன்னால் ரோமானியர்கள் எப்படி நேரம் பார்த்தார்கள்? ஆட்சிமன்ற வாசலில் ஓர் ஏவலர் நிற்பார். சூரியன் இரண்டு குறிப்பிட்ட கட்டடங்களுக்கு நடுவே வந்ததும், உச்சிப்பொழுது ஆயிற்று என்று உரக்கச் சொல்வார். மேகம் மூடிய நாளில் அதுவும் கிடையாது.

கிரேக்கர்கள் இதில் ரோமானியர்களுக்கு முன்னோடிகள். அவர்களுமே கற்றுக்கொண்டவர்கள்தான். நிழல் பார்க்கும் குச்சியும், பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் வழக்கமும் பாபிலோனிலிருந்து வந்தவை என்று ஹெரடோடஸ் எழுதுகிறார். கல்லைக் கிண்ணம்போல் குடைந்து, விளிம்பில் ஒரு முள் பொருத்தி, உட்புறம் கோடுகள் வெட்டுவது அக்காலத்துச் சூரியக் கடிகாரத்தின் வழக்கமான வடிவம். வானத்தின் வளைவைக் கவிழ்த்துப் போட்டதுபோல அது இருக்கும். ஏதென்ஸில் ஆண்ட்ரோனிக்கஸ் கட்டிய எண்கோணக் கோபுரத்தின் எட்டுச் சுவர்களிலும் சூரியக் கடிகாரக் கோடுகள் உண்டு. காற்றுகளின் கோபுரம் என்று அழைக்கப்படும் அது இன்றும் நிற்கிறது.

அவர்களுடைய மணி நம்முடைய மணி அல்ல. சூரியன் உதிப்பது முதல் மறைவது வரை உள்ள பொழுதைப் பன்னிரண்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மணி. கோடையில் பகல் நீளம், ஆகவே மணியும் நீளம். ரோமில் நடுக்கோடை மணி ஏறக்குறைய 75 நிமிடம். நடுக்குளிர்கால மணி 45 நிமிடம்தான். நம் நாழிகைக் கணக்கு அப்படி நீண்டு சுருங்குவதில்லை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒன்றுக்கு 24 நிமிடம், ஆனியிலும் மார்கழியிலும் அதே அளவு.

புதுக் கடிகாரம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. பிளாட்டஸ் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு நாடகத் துணுக்கில், விருந்துச் சோற்றுக்கு அலையும் ஒருவன் மணியைக் கண்டுபிடித்தவனைச் சபிக்கிறான். சின்ன வயதில் தனக்கு வயிறே கடிகாரமாம். இப்போதோ பசித்தாலும் சூரியன் உத்தரவு கொடுத்தால்தான் சாப்பாடு!

சரி, கட்டானியாவின் கல் ரோமில் எப்படித் தவறியது? கட்டானியா பூமத்திய ரேகைக்கு வடக்கே 37½ பாகையில் இருக்கிறது. ரோம் ஏறக்குறைய 42 பாகையில். வடக்கே போகப் போக உச்சிச் சூரியன் தாழ்ந்துவிடும், நிழலின் நீளமும் பாதையும் மாறிவிடும். கல்லைத் தென்வடலாகச் சரியாக நிறுத்தியிருந்தால் நண்பகலில் பிழை தெரியாது. காலையிலும் மாலையிலும்தான் நிழல் கோட்டைவிட்டு விலகும். அதுவும் கொஞ்சம்தான். அதனால்தான் பிழை மூன்று தலைமுறை தாங்கியது.

இதை நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில், கருங்கல்லில் அரைவட்டமாகச் செதுக்கி உலோக முள் பதித்த ஒரு சூரியக் கடிகாரம் உண்டு. அது 11 பாகை வடக்கு. அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே மும்பையின் விக்ரோலியில் பதித்தால் என்ன ஆகும்? விக்ரோலி 19 பாகை வடக்கு. எட்டுப் பாகை வித்தியாசம், ரோமானியர்கள் செய்த பிழையைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு!

விக்ரோலி வெயிலுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஐரோப்பாவில் வருடம் முழுவதும் நண்பகல் நிழல் வடக்கேதான் விழும். இங்கே மே மாத நடுவில் ஒரு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்ட குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும். அதன்பின் ஜூலைக் கடைசி வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். பிறகு மறுபடி ஒரு நிழலில்லா நாள். மழை மேகம் விலகினால் பார்க்கலாம். தென்சுவரில் கடிகாரம் வெட்டிய ஐரோப்பியக் கொத்தனார் இங்கே வந்திருந்தால், அந்த இரண்டு மாதம் அவர் வேலை நண்பகலில் வெயிலே படாமல் கிடந்திருக்கும்.

அந்தக் கொத்தனார்கள் ஐரோப்பாவில் ஏராளமான தேவாலயச் சுவர்களில் வேலை செய்தார்கள். இங்கிலாந்தின் கிர்க்டேல் என்ற சிற்றூரில், தேவாலயத்தின் தெற்கு வாசலுக்கு மேலே அப்படி ஒரு கல் இருக்கிறது. காமலின் மகன் ஓர்ம் என்பவர் இடிந்து கிடந்த இந்தக் கோயிலை வாங்கிப் புதுப்பித்தார் என்று அதில் பழைய ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. காலம் 1055க்கும் 1065க்கும் இடைப்பட்டது. நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இந்தத் திருப்பணிச் செய்தி பழகிய ஒன்றாகவே தோன்றும்.

பின்னர் முள்ளைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் முறை வந்தது. டமாஸ்கஸின் பெரிய மசூதிக்காக இப்னு அல்-ஷாதிர் 1371இல் அப்படி ஒன்றைச் செய்தார். 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அது பரவியது. எந்த ஊரோ அந்த ஊரின் பாகைக்கு முள்ளைச் சாய்க்க வேண்டும்: ரோமில் 42, விக்ரோலியில் 19. அப்போது எல்லா மணியும் சம அளவாகிவிடும். இயந்திரக் கடிகாரம் பிந்தினாலும் முந்தினாலும் இந்த நிழலைப் பார்த்துத்தான் திருத்தினார்கள். அதனால் ஒவ்வோர் ஊரும் தன் சூரியனின் நேரத்தையே வைத்திருந்தது.

ரயிலும் தந்தியும் அதைக் கலைத்தன. 1906இல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. மிர்சாபூர் அருகே ஓடும் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம் அது. பம்பாயின் நேரம் அதற்கு 39 நிமிடம் பின்தங்கியிருந்தது. நகரம் ஒப்பவில்லை. கடிகாரத்தை 39 நிமிடம் முன்னால் தள்ளினால், வேலைக்குக் கிளம்புவதும் அவ்வளவு முன்னால் போகும். அந்த ஜனவரியில் ஆயிரக்கணக்கான பஞ்சாலைத் தொழிலாளர்கள் தறியை விட்டு வெளியேறிக் கல்லெறிந்தார்கள். மாநகராட்சி பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டது. ஒரே நகரத்தில் இரண்டு நேரம், 1955 வரை!

இப்போது விக்ரோலியில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் சராசரியாக 12 மணி 38 நிமிடம். பிப்ரவரித் தொடக்கத்தில் அது 12.52 வரை போகும், நவம்பர்த் தொடக்கத்தில் 12.22க்கு இறங்கும். மொட்டை மாடியில் குச்சி நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்தால் நீங்களே பார்க்கலாம். மிர்சாபூரின் நேரத்தில் மும்பை ஓடுகிறது, ஒரு லோக்கல் ரயிலும் அதனால் தடுமாறவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தைப் பார்க்கிறார்கள் என்பதே போதும். ரோமானியர்களைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது.

ஆனால் ஓர் இடத்தில் இது போதாது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் தமிழ் வீடுகளில் தினசரி காலண்டர் தொங்குகிறது. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது என்று அதில் அச்சாகியிருக்கும். அந்தக் கணக்கின் அடிப்படை ரோமானியர்களுடையதைப் போன்றதே. உதயம் முதல் அஸ்தமனம் வரை பகலை எட்டாகப் பிரித்தால் இரண்டாவது பங்கு அது. காலண்டர் உதயத்தை ஆறு மணி என்று வைத்துக்கொள்கிறது. தை மாதத்தில் மும்பையில் சூரியன் எழுவது ஏழேகாலுக்கு. இங்குள்ள பகலைப் பங்கிட்டால், அந்த ராகுகாலம் ஏறக்குறைய எட்டு நாற்பது முதல் பத்து மணி வரை. ராகு போனதென்று ஒன்பது மணிக்குப் படியிறங்குகிறவர், கணக்குப்படி ராகுவின் நடுவில்தான் இறங்குகிறார்!

ராகுகாலத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நம்புகிறவர் ஒன்றைக் கவனிக்கலாம். ஆபீஸ் நேரம் ஊரார் சேர்ந்து செய்த ஏற்பாடு. அதற்கு எந்த ஊர்க் கடிகாரமும் சரிதான். சூரியனை வைத்துச் சொல்லும் நேரத்துக்கு, நாம் குடியிருக்கும் ஊரின் சூரியனைத்தான் கேட்க வேண்டும். மும்பைக்கென்று கணித்த பஞ்சாங்கம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பிலிப்பஸ் ரோமுக்குச் செய்த திருத்தமும் இவ்வளவுதான்.