சட்டத்தில் விடுபட்ட செவிலியர்

(பொன்முடியில் நடைபெற்ற கட்சி அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இந்தத் தோட்ட லயங்களிலிருந்து மலையிறங்கித் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று சேர நாம் படும் பாடு நமக்குத் தெரியும். அவ்வாறு சென்றபின் இகழ்ச்சிச் சொல் கேட்டுத் திரும்ப நேர்ந்தால் எப்படியிருக்கும்? திருநங்கையரும் திருநம்பியரும் பலமுறை அதைத்தான் சந்திக்கின்றனர். அந்த அச்சத்தால், நோய் முற்றும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் உண்டு.

சட்டங்கள் இல்லாமலில்லை. தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2015இல் கேரளம் திருநர் கொள்கையை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 15ஆம் பிரிவில், மருத்துவப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யப் பணிக்கிறது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அப்பிரிவைச் சொல் சொல்லாகப் படித்தேன். மருத்துவர் என்ற சொல் இருக்கிறது. செவிலியர் என்ற சொல் இல்லை. ஆனால் ஊசி போடுபவரும், காயத்தைத் துடைத்துக் கட்டுபவரும், இரவெல்லாம் உடனிருப்பவரும் செவிலியரே.

2023 பிப்ரவரி 8 அன்று கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் திருநம்பி சஹத் குழந்தை பெற்றார். பிறப்புச் சான்றிதழிலோ தந்தை, தாய் என்ற கட்டங்களே இருந்தன. இருவரையும் ‘பெற்றோர்’ என்றே குறிக்கவேண்டுமென அவரும் துணைவியார் சியாவும் வழக்குத் தொடுத்தனர். 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அவ்வாறே ஆணையிட்டது. பேறுகால வார்டுக்கு வருவோர் அனைவரும் பெண்களே என்று கற்ற மாணவி, சஹத் போன்றவரை எவ்வாறு எதிர்கொள்வார்?

இரக்கம் மட்டும் போதாது, பாடம் வேண்டும். எப்பெயரால் அழைப்பது என்று கேட்க வேண்டும். அட்டையிலுள்ள பழைய பெயரைப் பலர் முன் உரக்கக் கூவலாகாது. கைமுறிவுக்கு வந்தவரிடம் பாலின அறுவை சிகிச்சை பற்றி விசாரிக்கலாகாது. ஹார்மோன் மருந்து உட்கொள்கிறாரா என்று கேட்டுக் குறிக்க வேண்டும். கருப்பைவாய் அகற்றப்படாத திருநம்பிக்கு அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. திருநங்கைக்கு அறுவைக்குப் பின்னும் புரோஸ்டேட் சுரப்பி பொதுவாக அகற்றப்படுவதில்லை. இவற்றை அறியாமை உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆள் பற்றாக்குறையில் வாடும் செவிலியர்மீது இன்னொரு சுமையா என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. 2017இல் கேரளத் தனியார் மருத்துவமனைச் செவிலியர் ரூ.20,000 குறைந்தபட்ச ஊதியத்தைப் போராடித்தான் பெற்றனர். ஒருவரே முழு வார்டையும் பார்க்கும் நிலையில், நோயாளியிடம் பொறுமையாகக் கேட்க நேரமேது? ஆகவே போதிய பணிநியமனத்தையும் இப்பாடத்தையும் சேர்த்தே கோருவோம்.

இது தேர்வுக்குரிய பாடமாக வேண்டும். கற்பிக்கத் திருநரை உரிய ஊதியத்துடன் அழைக்க வேண்டும். அவர்கள் செவிலியராகவும் வர வேண்டும்; 2019 டிசம்பரில் தமிழ்நாட்டில் திருநங்கை அன்பு ரூபி அரசுச் செவிலியராக நியமிக்கப்பட்டார்.

நம் லயங்களிலிருந்து செவிலியர் படிப்புக்குச் செல்லும் பிள்ளைகளிடம் இதை முதலில் நாமே பேசுவோம். நம் கூட்டங்களில் திருநரைக் கேலி செய்யும் பேச்சு எழுந்தால், அங்கேயே, அப்போதே மறுப்போம்.