இயந்திரக் கல்வியும் தாவரக் கல்வியும்

(கல்முனைப் பகுதிக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடிந்து வெளியேறுகையில் முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "தம்பி, என் பேரன் மெசின் வேலை பழக ஆசைப்படுகிறான். பழகட்டும். ஆனால் கல்லூரிக்குப் போனால் பூவையும் வேரையும் படிக்கச் சொல்வார்களாமே! மெசின்காரனுக்கு அது எதற்கு?" என்று வினவினார். வினா நியாயமானதே. அன்று வழியில் நின்று விடை கூற நேரம் போதவில்லை. ஆதலின் இன்று எல்லோர் முன்னிலையிலும் அதற்கு விடை கூற விரும்புகின்றேன்.

நமது வட்டைகளில் முன்னர் எருமைகள் சேறு மிதித்தன. களவெட்டியில் மாடுகள் சூடு மிதித்தன. கல்லோயாத் திட்டம் 1949 ஆம் ஆண்டில் தொடங்கிய பின்னர் நீர்வசதி பெருகிற்று. காலப்போக்கில் உழவு இயந்திரமும் சூடடிக்கும் இயந்திரமும் வந்தன. இன்று ஒரே இயந்திரம் கதிரை வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லை வேறாக்கித் தருகின்றது. வேலை இலகுவாயிற்று, ஆனால் அதனுடன் வந்த ஆபத்தொன்றை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம்.

நான் சேவையிற் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பெரும்போக அறுவடைக் காலம். வேறொரு பகுதியில் அறுவடை முடித்து வந்த இயந்திரமொன்று என் பொறுப்பிலிருந்த வட்டையில் இறங்கிற்று. அதனை ஓட்டிய இளைஞர் கெட்டிக்காரர். எந்திரம் நின்றால் ஓசையைக் கொண்டே பழுதைக் கூறுவார். நானும் வரம்பில் நின்று வாடகையையும் எண்ணெய்ச் செலவையும் விசாரித்தேன். அதன் வயிற்றினுள் எந்த வயலின் நெல் கிடந்தது என்பதை அவரும் எண்ணவில்லை, நானும் கேட்கவில்லை. அவ்வயற்காரர் அந்நெல்லிலேயே விதைக்கும் எடுத்துவைத்தார். அடுத்த பெரும்போகத்தில் அவருடைய வேளாண்மைக்கு மேலாக உயர்ந்து, நீண்ட கூருடன் வேறொரு நெல் கதிர்விட்டு நின்றது. கை பட்டதும் மணி உதிர்ந்தது. அது களைநெல். விதைநெல்லுக்குப் பெயர்பெற்ற அவ்வயலிலிருந்து அதன்பின் அவர் விதை எடுக்க இயலவில்லை. அன்று நான் கேளாது விட்ட அந்த ஒரு கேள்விக்காக இன்றும் வருந்துகின்றேன்.

களைநெல்லும் நமது நெல்லும் தாவரவியலின்படி ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆதலால் பயிருக்குத் தீங்கு செய்யாத களைகொல்லி பெரும்பாலும் களைநெல்லுக்கும் தீங்கு செய்வதில்லை. அறுவடைக்கு முன்பே அதன் மணிகள் நிலத்தில் உதிர்ந்துவிடும். உதிர்ந்த மணிகளுட் பல உடனே முளையாமல் மண்ணில் உறங்கிக் கிடந்து பின்வரும் போகங்களில் முளைக்கும். இவை தாவரப் பாடம். அம்மணிகள் வெட்டும் பகுதி, கதிரை மேலே கொண்டுசெல்லும் பட்டி, அடிக்கும் உருளை, சல்லடை, நெற்றொட்டி ஆகியவற்றின் மூலைகளில் தங்கி அடுத்த வயலுக்குச் செல்லும். இது இயந்திரப் பாடம். இவ்விரண்டில் ஒன்றை மாத்திரம் கற்றவர் மற்றதனால் வரும் கேட்டினைக் காணமாட்டார்.

இன்னும் இரண்டு உதாரணங்கள் கூறுவேன். நெல்மணியின் அடிப்பக்கத்தில் முளைக்கரு இருக்கின்றது. அடிக்கும் உருளை மிகை வேகத்திற் சுழலுமாயின் உமி சிதையாமலே கரு அடிபடலாம். உண்பதற்கு அந்நெல் குற்றமற்றது, விதைப்பதற்கு உதவாது. எனவே விதைநெல் அடிக்கும்போது வேகத்தைக் குறைக்கவேண்டும். பின்னர் ஈரம் 13 வீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்துக. விதைக்குமுன் 100 மணிகளை ஈரத்துணியில் முடிந்து முளைக்கவிடுக. 85 இற்குக் குறைவாக முளைத்தால் அதனை விதைக்கு எடுக்கவேண்டாம்.

அடுத்தது காலக் கணக்கு. பீ.ஜீ. 94-1 போன்ற மூன்றரை மாத இனம் ஏறத்தாழ 105 நாட்களில் விளையும். கதிர் பூத்து நெல் முற்ற ஏறத்தாழ 30 நாட்கள் செல்லும். பூப்பதற்கு ஏறத்தாழ 30 நாட்களுக்கு முன்பே தண்டினுள் இளங்கதிர் உருவாகத் தொடங்கும். கழித்துப் பாருங்கள்: 45 ஆம் நாளளவில், குடலை வெளியே தெரியுமுன்பே, கதிர் உள்ளே பிறந்துவிடுகின்றது. வரிசையாக நட்ட வயலில் களைக்கருவி ஓட்டும் வேலை அதற்கு முன்னரே முடிந்திருக்கவேண்டும். பிந்தி ஓட்டினால் பயிரின் வேர் அறுபடும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1862 ஆம் ஆண்டிலேயே விவசாயத்தையும் இயந்திரக் கலைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் கல்லூரிகளுக்கெனச் சட்டம் இயற்றினர். நமக்கு அத்துணை தூரம் செல்லவேண்டியதில்லை. மருதமுனை நெசவாளரைக் கேளுங்கள். தறியை அறிந்து நூலை அறியாதவர் நல்ல சாரம் நெய்வாரோ?

நம் பிள்ளைகளுக்கு இவ்விரு பாடங்களையும் கற்கும் வழிகள் அருகிலேயே உள்ளன. க.பொ.த. உயர்தரத்தில் 2013 இல் ஆரம்பிக்கப்பட்ட தொழில்நுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் ஒரு பாடமாகும். பயிரும் மண்ணும் நீரும் பண்ணை இயந்திரமும் அதில் ஒருங்கே கற்பிக்கப்படுகின்றன. பாலமுனையில் விவசாயத் திணைக்களத்தின் விவசாயக் கல்லூரி உண்டு. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் சம்மாந்துறையிலுள்ள பிரயோக விஞ்ஞான பீடத்தில் உயிரியலும், தொழில்நுட்ப பீடத்தில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியலும் உள. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. இயந்திரத்தை மாத்திரம் பழக விரும்புவோருக்கு அநுராதபுரத்தில் திணைக்களத்தின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கின்றது. இவை ஆண்பிள்ளைகளுக்கு மாத்திரம் உரியன அல்ல. விதைநெற் பரிசோதனையில் நம் பெண்பிள்ளைகளின் கூர்மையான கண்ணுக்கு நிறைய வேலை உண்டு.

அன்று வினவிய பெரியவருக்கு நான் கூறுவது இதுதான்: பேரனை அனுப்புங்கள், இரண்டையும் கற்கட்டும். அவர் கற்று வரும்வரை காத்திராமல், வருகின்ற அறுவடையிலேயே நாம் யாவரும் செய்யக்கூடியவை மூன்று:

1. இயந்திரம் வயலில் இறங்குமுன், அது கடைசியாக வெட்டிய வயல் எது, அங்கு களைநெல் இருந்ததா என்று கேளுங்கள்.

2. எந்திரத்தை முற்றாக நிறுத்தியபின், மூடிகளைத் திறந்து, உருளை, சல்லடை, தொட்டி ஆகியவற்றை வரம்புக்கு வெளியே துப்புரவாக்கச் சொல்லுங்கள். செல்லும் நேரத்துக்கு ஓட்டுநருக்குக் கூலி கொடுப்பதும் இலாபமே.

3. முதலில் விழும் சில மூடை நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள்.

கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். கேளாமல் நின்றவன் என்ற முறையிலேயே இதனைக் கூறுகின்றேன். பாடநெறிகளுக்கான விண்ணப்பம் பற்றிய விபரங்களை உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.