இனிப் பிறக்கப்போகும் என் வழித்தோன்றல்களுக்கு
(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

இல்லறம், பணி, இறைநெறி ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்தார்கள். தமிழாசிரியையாக முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவளுக்கு இது எளிய தலைப்பு. நாலடியாரிலிருந்து நான்கு, அருங்கலச் செப்பிலிருந்து இரண்டு என்று மேற்கோள்களைக் கோத்தால் அரைமணி நேரம் ஓடிவிடும். அவ்வாறே ஓர் உரையை எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் சென்ற தீபாவளியன்று என் பேத்தி கேட்ட ஒரு கேள்வி அந்த உரையைப் பயனற்றதாக்கிவிட்டது.

அவளுக்கு வயது பதினான்கு. பெங்களூரில் படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள்; படிக்கும்போது எழுத்துக் கூட்டுவாள். வர்த்தமானர் வீடுபேறு அடைந்த வைகறையை நினைந்து நாங்கள் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, "பாட்டி, நாம் ஜைனர் என்றால் வகுப்பில் எல்லாரும் 'நீங்கள் சேட்டா?' என்று கேட்கிறார்கள். இல்லை, தமிழர் என்றால், 'அப்படியானால் ஜைனர் இல்லை' என்கிறார்கள். நாம் யார்?" என்றாள்.

இக்கேள்வியை நம்மில் கேளாதவர் எவர்? நான் பணியில் சேர்ந்த நாளில் என்னிடமும் இதையே கேட்டார்கள். அப்போது எனக்கு இளமைச் செருக்கு மிகுதி. "நீங்கள் நாள்தோறும் வகுப்பில் நடத்தும் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் யார் என்று எண்ணுகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். ஆனால் பதினான்கு வயதுப் பெண்ணிடம் நன்னூலைக் காட்டி என்ன பயன்? சிந்தாமணியைச் சொன்னேன். உ.வே.சாமிநாதையர் 1887-இல் அந்நூலைப் பதிப்பிப்பதற்கு முன், குடந்தையிலிருந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று பொருள் கேட்டறிந்த வரலாற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அது புத்தகத்தில் இருப்பது. நீயும் தாத்தாவும் என்ன செய்தீர்கள்?" என்றாள்.

அதற்கான விடையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவளுக்கும், அவளுக்குப் பின் நான் காணாமற்போகும் குழந்தைகளுக்கும் சொல்கிறேன். நீங்கள் உடனிருந்து கேட்பதால் மிகைப்படுத்த இயலாது என்பது எனக்கொரு காவல்.

எனக்கு 1981-இல் திருமணம் நடந்தது. வந்தவாசி வட்டாரத்தில் ஒரு சிற்றூர். நம்மவர் வீடுகள் பதினெட்டு. ஓர் ஆதிநாதர் கோயில். என் கணவர் உழவர். கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல். மானாவாரியில் மூன்று ஏக்கர் மணிலா. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தவள். மறு ஆண்டே வேலை கிடைத்தது. பதினெட்டுக் கல் தொலைவில் பள்ளி. இளங்கலையையும் முதுகலையையும் திருமணத்திற்குப் பின்னரே அஞ்சல் வழியில் படித்தேன். அக்காலத்தில் மருமகள் வேலைக்குச் செல்வதே வியப்பு. படிக்க வைத்த மாமனாரைச் சிலர் எள்ளினர். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இடர் வேறொரு வடிவில் வந்தது. பொழுதோடு உண்பது நம் வழக்கம். இதைப் பிறருக்கு விளக்குவதைவிடக் கடைப்பிடிப்பது எளிது என்பார்கள். பேருந்தில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அப்படியன்று. பள்ளி நாலரைக்கு விடும். பேருந்து என்னைக் கூட்டுரோட்டில் இறக்கும்போது ஐந்தரை. அங்கிருந்து ஊருக்கு நான்கு கிலோமீட்டர் வண்டிப்பாதை. கோடையில் தாழ்வில்லை. ஐப்பசி தொடங்கித் தை முடியும் வரை, நான் வீடு சேருமுன் கதிரவன் மறைந்துவிடுவான். முதல் ஆண்டு அந்த மாதங்களில் நண்பகல் உணவோடு மறுநாள் காலை வரை இருந்தேன். உடல் மெலிந்தது. வீட்டில் ஒருவரும் 'விட்டுவிடு' என்றும் சொல்லவில்லை, 'விடாதே' என்றும் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் பேருந்தை விட்டு இறங்கினேன். மதகின்மேல் என் கணவர் அமர்ந்திருந்தார். மிதிவண்டியில் ஒரு தூக்குப் பாத்திரம்; வடிகட்டிய நீர் ஒரு செம்பில். "பொழுது இருக்கிறது, உண்டுவிடு" என்றார். எனக்கு நாணம் பிடுங்கித் தின்றது. என்னுடன் வந்த ஆசிரியைகள் பேருந்துச் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி அமர்ந்து உண்டேன். "நீங்கள் உண்டீர்களா?" என்றேன். "ஆயிற்று" என்றார்.

இது எட்டு ஆண்டுகள் நடந்தது. மழை நாளில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வருவார். நான் நன்றியென்று ஒரு சொல் சொன்னதில்லை. அக்காலத்தில் கணவனுக்கு மனைவி நன்றி சொல்லும் வழக்கமும் இல்லை. ஆயினும் அது முழுக் காரணமன்று. படித்தவள் நான், அவர் பள்ளியிறுதியைத் தாண்டாதவர் என்ற எண்ணம் எனக்குள் எங்கோ இருந்தது.

அந்த எண்ணம் வெளிப்பட்ட ஆண்டு 1988. மணிலா பயிரிட்ட குடும்பத்தார்க்குச் சிவப்புக் கம்பளிப்புழு இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை. முதல் மழை பெய்ததும் மண்ணுக்குள் கிடக்கும் கூட்டிலிருந்து அந்துப்பூச்சிகள் வெளிவரும். அவை இட்ட முட்டையிலிருந்து வரும் புழுக்கள் ஒரு கொல்லையைத் தின்று முடித்து, அடுத்த கொல்லைக்குப் படையாக ஊர்ந்து செல்லும். அதற்கு முந்தைய ஆண்டு எங்களுக்கு விதையும் மிஞ்சவில்லை. கூட்டுறவுக் கடன் நின்றது. எனவே மழை பெய்த இரவுகளில் வயலோரம் தீ மூட்டுமாறு வேளாண் துறையினர் ஊர்தோறும் சொன்னார்கள். ஒளியை நாடி வரும் அந்துப்பூச்சிகள் தீயில் விழுந்து மடியும். எங்கள் ஊரில் ஏனையோர் எல்லாரும் மூட்டினார்கள். ஆடி மாதத்தில் ஓரிரவு என் கணவரும் மூட்டினார்.

திண்ணையிலிருந்தே அந்தத் தீ தெரிந்தது. நான் அன்று எட்டாம் வகுப்பில் உயிரிரக்கம் பற்றிப் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தேன். அவர் திரும்பியதும், "உங்கள் கையால் எனக்கு இனி ஒன்றும் வேண்டாம்" என்றேன். அவர் விளக்கம் சொல்ல முயன்றார். இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டது கொல்ல வேண்டுமென்றே கொல்லும் சங்கல்பி ஒன்றே. சமையலில் நேரும் ஆரம்பியும், தொழிலில் நேரும் உத்தியோகியும், தற்காப்பில் நேரும் விரோதியும் முற்றும் தவிர்க்க ஒண்ணாதவை என்று பெரியோர் வகுத்துள்ளனர். உழவும் தொழில்தானே என்றார். "ஏர் உழும்போது புழு மடிவது தொழில். இறப்பதற்கென்றே தீ வளர்த்து அழைப்பது எந்த வகை?" என்று கேட்டேன். அவரிடம் விடையில்லை. வாதில் வென்றுவிட்டேன். இரண்டரை மாதம் அவருடன் பேசவில்லை.

மாமனார் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தசலட்சண நோன்பு வந்தது. முதல் நாள் உத்தம பொறை. நான் குளித்து, திருமணப் பட்டை உடுத்திக் கோயிலுக்குப் புறப்பட்டேன். வாயிலில் அமர்ந்திருந்த அவர் நிமிர்ந்து பார்த்து, "அழகான புடவை, அம்மா. இதற்கு எத்தனை ஆயிரம் கூடுகளைக் கொதிநீரில் போட்டார்களோ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. குரலில் கடுமையும் இல்லை. கணக்குக் கேட்பவரைப் போலத்தான் கேட்டார்.

உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தேன். அன்று முதல் பட்டு உடுத்தியதில்லை. என் மகள் திருமணத்திலும் நூற்புடவைதான். ஆனால் இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டை விடுவது எனக்கு எளிது. என்னிடம் மாதச் சம்பளம் இருந்தது. மணிலாவை விட்டால் அவர் எதைக்கொண்டு கடனடைப்பார்? கைகள் தூயனவாக இருக்க வேண்டுமென்று நான் விரும்பியது உண்மை. யாருடைய உழைப்பில் அவை தூயனவாக இருந்தன என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. நாம் தாளிக்கும் கடலை எண்ணெய்க்கு எவரோ ஒருவர் எங்கோ தீ மூட்டியிருக்கிறார்.

ஐப்பசி பிறந்தது. பேச்சில்லாமலே நாட்கள் சென்றன. எனக்கே முதற்சொல் சொல்ல மனம் இருந்தது, நா எழவில்லை. அன்று பேருந்தில் வரும்போது, இன்று மதகில் ஆள் இருக்காது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். இறங்கினேன். மிதிவண்டி நின்றது. தூக்குப் பாத்திரம் இருந்தது. அவர் எழுந்து, "சோறு ஆறிவிடும்" என்றார்.

உண்டேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். மன்னிப்பு என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தத் தீயைப் பற்றிய என் கேள்வி தவறு என்று இன்றும் நான் கருதவில்லை. அவரும் கருதவில்லை போலும். இரண்டாண்டு கழித்து, கடன் அடைந்ததும், மூன்று ஏக்கரில் இரண்டைச் சவுக்குக்கு விட்டார். வருவாய் குறைந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் மதகில் 'ஆயிற்று' என்று சொன்னது பொய். என் மாமியார் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் இதைச் சொன்னார்கள். கிணற்றடியிலிருந்து அவர் வர ஐந்தாகிவிடும். குளித்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால்தான் பேருந்துக்கு முன் சேர முடியும். என்னை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும்போது பொழுது போயிருக்கும்; நீரோடு படுத்துவிடுவார். "இருவருக்கும் சேர்த்துக் கட்டித் தருகிறேன் என்றேன். இருவரும் சாலையில் அமர்ந்து உண்டால் அவளுக்குத்தான் வெட்கம், உடன் வேலை செய்பவர்கள் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டான்" என்றார்கள். எட்டு ஆண்டுகள், ஆண்டுக்கு நான்கு மாதங்கள்! நம் நூல்களில் அநசனம் முதற் புறத்தவமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதை நான் மாணவர்க்கு விளக்கியிருக்கிறேன். என் வீட்டில் நடந்ததை அறியாமலே விளக்கியிருக்கிறேன்.

சிந்தாமணியை மணநூல் என்பார்கள். எட்டுத் திருமணங்களைச் சொல்லி, பதின்மூன்றாவதாகிய முத்தி இலம்பகத்தில் துறவில் முடியும் நூல். சோலையில் ஒரு கடுவன் தன் மந்திக்குப் பலாப்பழம் கொடுக்கிறது. காவலன் அதைப் பறித்துக்கொள்கிறான். அதைக் கண்ட சீவகனுக்குச் செல்வத்தின் நிலையாமை விளங்குகிறது. தேர்வுக்கு இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். மாமியார் சொன்ன பிறகு அப்பகுதியைப் படித்தால் என் கண் காவலனிடம் செல்வதில்லை. பழத்தை நீட்டும் கடுவனிடமே நின்றுவிடுகிறது. திருத்தக்க தேவர் பொறுத்தருள்வாராக.

என் மகளின் திருமணத்தையும் மறைக்க விரும்பவில்லை. இங்குள்ள பலரும் அறிந்ததே. அவள் நம் சமூகத்திற்கு வெளியே மணந்தாள். ஓராண்டு நான் அவளுடன் பேசவில்லை. பேசாமலிருப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு என்று சொல்லி என் கணவர் சிரித்தார். பிறகு அவர் மட்டும் பெங்களூர் சென்று வந்தார். 'என்ன பார்த்தீர்கள்?' என்றேன். "மாப்பிள்ளை ஆறு மணிக்கே எனக்கு இலை போட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவள் முன்பே சொல்லி வைத்திருக்கிறாள்" என்றார். அடுத்த வாரம் நானும் சென்றேன். சமூகம் சுருங்குகிறதே என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. பதினெட்டு வீடுகள் இருந்த எங்கள் தெருவில் இன்று ஆறு வீடுகளில்தான் விளக்கெரிகிறது. கோயிலில் நாள்வழிபாடு நிற்காமலிருக்க வெளியூரிலுள்ளவர்கள் பணம் அனுப்புகிறார்கள். பணம் போதும், நின்று கேட்க ஆள்தான் வேண்டும். இதற்கு என்னிடம் தீர்வு இல்லை.

என் கணவர் 2019-இல் மறைந்தார். இறுதி மாதங்களில் இரவு மாத்திரையைப் பாலுடன் கொள்ள மருத்துவர் சொன்னார். பொழுதிருக்கவே எடுத்துக்கொள்ளலாமா என்று அவரே கேட்டு இசைவு பெற்றுக்கொண்டார். அப்போது தூக்குப் பாத்திரம் என் கையில் இருந்தது. மருத்துவமனைக்கு ஐந்து மணிக்குள் போய்ச் சேர நானும் பேருந்துக்கு ஓடினேன்.

இவற்றையெல்லாம் என் பேத்தியிடம் அந்தத் தீபாவளியன்றே சொன்னேன். நாம் யார் என்ற அவள் கேள்விக்கு இது விடையாயிற்றா என்று தெரியவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு வறுவலை விட்டுவிடவும் இல்லை. அதை நான் வற்புறுத்தவும் இல்லை. ஆனால் ஊருக்குப் போன பிறகு நாள்தோறும் மாலை ஐந்தரைக்கு என் தொலைபேசி ஒலிக்கிறது. "பாட்டி, சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். பள்ளி வண்டியிலிருந்து பேசுவாள் போலும். பின்னால் ஒரே இரைச்சல்.

பந்தி தொடங்கிவிட்டது என்று பொறுப்பாளர் கைகாட்டுகிறார். பொழுது சாய இன்னும் சிறிது நேரமே உள்ளது. தொலைபேசியை மேடைக்குக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், மணி ஐந்தரையாகிறது.