மாமல்லபுரம் போவோம், பத்திரமாக வீடு வருவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் குழுக்களின் தீர்மான நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு குழுவில் "மாமல்லபுரம் சுற்றுலா செல்வது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதியிருக்காங்க. சந்தோஷமா இருந்துச்சு. பின்னாடி பக்கங்களைப் புரட்டினால், அதில் நாலு குழு போன வருஷமும் இதே தீர்மானத்தை இதே வார்த்தையில் எழுதியிருக்கு. தீர்மானம் மட்டும் வருஷா வருஷம் போயிட்டு வருது, ஆள் போகலை. ஏன்னு கேட்டா, "வழி தெரியாது மேடம், யாரு கூட்டிட்டுப் போறது"ன்னு சொல்றாங்க.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். நடுவில் திருக்கழுக்குன்றம். வெளிநாட்டுக்காரங்க கப்பலிலும் விமானத்திலும் வந்து பார்க்கிற ஊர். நம்ம கூட்டமைப்பில் ஒரு ஆயா இருக்காங்க, வயசு அறுபதைத் தாண்டியாச்சு. அவங்க மகன் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் பல வருஷம் கல் வேலை பார்த்தவர். அந்த ஆயா இதுவரைக்கும் கடலைப் பார்த்ததில்லை. "எனக்கு அங்க இன்னா வேலை கண்ணு?" என்று என்னைக் கேட்டாங்க. வேலை இருந்தால்தான் பொம்பளை வெளியே போகணும் என்று யார் அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்களோ தெரியலை. ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பேங்க், தாலுகா ஆபீஸ் - நாம எல்லாரும் போற இடம் இவ்வளவுதான், யோசிச்சுப் பாருங்க.

சரி, வழியைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி என் தப்பு ஒன்றைச் சொல்லிடணும்.

2016-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு குழுவிலிருந்து 17 பேரை மாமல்லபுரம் கூட்டிட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் நல்லா நடந்துச்சு. கடற்கரையில் உட்கார்ந்தோம், பாட்டு பாடினோம், நேரம் போனதே தெரியலை. இருட்டின பிறகு பஸ்ஸுக்கு வந்தால், வந்த ஒரு பஸ்ஸும் நிக்க இடமில்லாம நிரம்பி வந்துச்சு. அடுத்த பஸ் எப்போ, கடைசி பஸ் எப்போ - காலையில் இறங்கும்போதே கேட்டிருக்கணும், நான் கேட்கலை. ஆட்டோ சொன்ன வாடகைக்கு எங்க யார்கிட்டயும் பணம் இல்லை. கடைசியில் தெரிஞ்சவங்க மூலமா ஒரு வேன் பிடிச்சு ஊர் வந்து சேரும்போது ராத்திரி 11 மணி தாண்டிப்போச்சு. தெருமுனையில் ஆம்பளைங்க கூட்டமா நின்னாங்க.

யாருக்கும் அடிபடலை, எதுவும் தொலையலை. ஆனாலும் ஒரு சகோதரியை அவங்க வீட்டுக்காரர் அதுக்கப்புறம் நாலு மாசம் கூட்டத்துக்கே விடலை. அந்த நாலு மாசத்தில் அவங்களுக்கு வரவேண்டிய உள்கடன் முறை வேறொருத்தருக்குப் போயிடுச்சு. கறவை மாடு வாங்க நினைச்சிருந்தாங்க. திரும்பி வந்தப்போ சேமிப்பு பாக்கியை மொத்தமா கட்டினாங்க, என்கிட்ட மட்டும் ரொம்ப நாள் பேசலை. ஒரு பஸ் நேரத்தை நான் கேட்காததுக்கு அவங்க கொடுத்த விலை அது. அதனாலதான் இன்னைக்கு இவ்வளவு விவரமா பேசறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. கடலோரமா கடலூர் வரைக்கும் ஒரு ரயில் பாதை போடறதா பல வருஷமா பேச்சு இருக்கு, நம்ம காலத்தில் வந்தா பார்த்துக்கலாம். மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கத்திலிருந்து வர்றவங்க ரயிலிலோ பஸ்ஸிலோ செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாப் போற பஸ் ஏறணும். நேர் பஸ் இல்லைன்னா கவலைப்படாதீங்க. திருக்கழுக்குன்றம் வரைக்கும் வந்து அங்க மாறிக்கலாம், அது ஏறக்குறைய பாதி வழி. மெட்ராஸ் பக்கத்திலிருந்து சொந்தக்காரங்க வர்றதா இருந்தா அவங்களுக்கு கிழக்குக் கடற்கரைச் சாலைதான் நேர் வழி.

2021 மே மாதத்தில் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம் வந்தது எல்லாருக்கும் தெரியும். அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். சில பேர் எந்த பஸ்ஸாக இருந்தாலும் ஏறி உட்கார்ந்துட்டு நடத்துனர்கிட்ட சண்டை போடறாங்க. முகப்பைப் பாருங்க, படிக்கத் தெரியாதவங்க ஏறும்போதே வாயைத் திறந்து கேளுங்க. இலவசம்னாலும் டிக்கெட் கொடுப்பாங்க, அதை வாங்கி வச்சுக்கணும். இன்னொன்று, 2025-ல் வந்த அறிவிப்பு: குழு உறுப்பினர் அடையாள அட்டை இருந்தால், நாம செய்யற பொருளை 25 கிலோ வரைக்கும் அரசு பஸ்ஸில் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு சுமைக் கட்டணம் இல்லாம எடுத்துட்டுப் போகலாம். ஊறுகாய், மசாலா பொடி, பாய் போடற குழுக்கள் இதைக் கவனிங்க. மாமல்லபுரத்தில் விற்கப் பார்க்கலாமான்னு இரண்டு குழு கேட்டிருக்கீங்க. முதல் தடவை பொருளோட போகாதீங்க. சும்மா போய், எங்க கூட்டம் நிக்குது, எவன் என்ன விலைக்கு விக்கறான்னு பார்த்துட்டு வாங்க.

வேன் வைக்கலாமான்னு கேட்பீங்க. வயசானவங்க, கைக்குழந்தை நிறைய இருந்தா வைக்கலாம். மத்தபடி பஸ்தான் என் கட்சி. வேனில் போனா டிரைவர் சொன்ன இடத்தில் இறங்கி, டிரைவர் ஹாரன் அடிச்சா ஏறி வந்துடுவோம். பஸ்ஸில் ஒரு தடவை போயிட்டு வந்தவங்களுக்கு அடுத்த தடவை யார் துணையும் வேண்டாம். செலவுப் பணம் விஷயத்தில் மட்டும் கண்டிப்பா சொல்றேன்: சுழல் நிதியையோ வங்கிக் கடனையோ இதில் தொடக்கூடாது. வாரம் 10 ரூபாய் தனியாச் சேர்த்து, தனி நோட்டில் கணக்கு எழுதுங்க.

ஊருக்குள்ளே தலசயனப் பெருமாள் கோயிலை நடு அடையாளமா வச்சுக்கோங்க. பஸ் எங்க இறக்கிவிட்டாலும் அந்தக் கோயிலுக்கு வழி கேட்டா சொல்லுவாங்க. யாராவது பிரிஞ்சு போயிட்டாலும் அங்க வந்து நிக்கணும்னு முதலிலேயே பேசிக்குங்க. கோயிலுக்குப் பின்பக்கம் நடந்தா அர்ச்சுனன் தபசுப் பாறை, பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். கொஞ்சம் மேலே வெண்ணெய் உருண்டைப் பாறை. கிழக்கே கடலைப் பார்த்து நடந்தா கடற்கரைக் கோயில். ஐந்து ரதம் மட்டும் தெற்கே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கு. முட்டி வலி இருக்கிறவங்க அதுக்கு மட்டும் ஷேர் ஆட்டோ பிடிங்க, ஏறுவதற்கு முன்னாடியே ஆளுக்கு எவ்வளவுன்னு பேசிடுங்க. காலையிலேயே ஐந்து ரதத்தை முடிச்சுடறது நல்லது. பாறை சூடாயிட்டா செருப்பில்லாம கால் வைக்க முடியாது.

தொல்லியல் துறை டிக்கெட் நம்ம நாட்டவருக்கு 40 ரூபாய், 15 வயசுக்குட்பட்ட பிள்ளைங்களுக்கு இல்லை. ஒரே டிக்கெட்டை கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டுக்கும் அன்னைக்கே காட்டலாம். முதல் இடத்தில் பார்த்ததும் கசக்கிப் போட்டுட்டு, அடுத்த இடத்தில் மறுபடி 40 கொடுத்தவங்க நம்ம ஆளுங்களே இருக்காங்க.

வழிகாட்டி வச்சா அடையாள அட்டை கேளுங்க. வைக்கலைன்னாலும் நாம பார்க்க நிறைய இருக்கு. ஐந்து ரதத்தில் திரௌபதி ரதத்தைப் பாருங்க, அப்படியே நம்ம கூரை வீடு. ஓலை வேய்ஞ்ச மாதிரியே ஒரே கல்லில் செதுக்கியிருக்கான். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்து வேலை. கிருஷ்ண மண்டபத்தில் ஒருத்தர் மாடு கறக்கிறார், மாடு கன்றுக்குட்டியை நக்குது, தலைச்சுமையோட ஒரு பெண் நிக்கிறாங்க. நான் கூட்டிட்டுப் போன சகோதரிங்க அங்கிருந்து நகரவே மாட்டேன்னுட்டாங்க. "மடியைப் பாரு, நல்ல கறவை"ன்னு ஒருத்தங்க விலையே பேச ஆரம்பிச்சுட்டாங்க! அர்ச்சுனன் தபசில் தவம் செய்யற பூனையும் அது பக்கத்தில் எலிங்களும் இருக்கு, தேடிப் பாருங்க. யாரை நம்பறது என்று அந்த எலிகிட்டத்தான் கேட்கணும்.

1984-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. 2019 அக்டோபரில் நம்ம பிரதமரும் சீன அதிபரும் இங்கதான் சந்திச்சாங்க. பெரியவங்க வர்ற ஊர், நமக்கென்னன்னு நினைக்க வேண்டாம். நம்ம இருளர் சகோதரிகளுக்குத் தெரியும், மாசி மகத்துக்கு எங்கெங்கிருந்தோ வந்து இந்தக் கடற்கரை மணலில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணமும் அங்கேயே பண்ணுவாங்க. 2021-ல் இதே ஊரில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்கார விடலைன்னு ஒரு நரிக்குறவர் பெண் கைக்குழந்தையோட தைரியமாப் பேசின வீடியோ நாடு பூரா போச்சு. அப்புறம் அமைச்சரே வந்து அவங்களோட பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த வருஷம் தீபாவளியன்று முதலமைச்சர் பக்கத்தில் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். உங்களை யாராவது ஒரு இடத்தில் எழுந்திருன்னு சொன்னா, ஏன்னு கேளுங்க. அங்கே பாசிமணி விக்கிற பெண்களையும் நாம விரட்டாம பேசணும். அவங்களும் ஒரு நாள் முதலைப் போட்டு நிக்கிறவங்கதான்.

இப்போ கடல். இதைத் தூங்காம கேளுங்க.

மாமல்லபுரத்துக் கடல் பார்க்க அழகு, இறங்க மோசம். வருஷா வருஷம் இங்கே ஆள் போறாங்க, நல்லா நீச்சல் தெரிஞ்ச பையன்களும் போறாங்க. கரைக்கு வந்த அலைத் தண்ணி திரும்பிப் போக வழி தேடும். சில இடத்தில் அது வாய்க்கால் மாதிரி சேர்ந்து வேகமா உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை அவ்வளவா உடையாது, தண்ணி அமைதியாத் தெரியும். நம்ம ஆளுங்க "இங்கே அலை இல்லை, இங்க இறங்கலாம்"ன்னு சரியா அங்கேதான் இறங்குவாங்க. கணுக்கால் நனையற தண்ணியோட நில்லுங்க. நனைஞ்ச சேலை கல்லு மாதிரி கனக்கும், காலைச் சுத்திக்கும். குழந்தைகளைக் கைவிரலைப் பிடிச்சு நிறுத்தாதீங்க, மணிக்கட்டைப் பிடிங்க.

யாரையாவது இழுத்துட்டுப் போனா, அவங்க கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக்கூடாது, களைச்சுடுவாங்க. மிதந்துகிட்டே பக்கவாட்டில் நகரணும். கரையில் இருக்கிறவங்க பின்னாலேயே குதிக்காதீங்க, இரண்டாவது சாவு அப்படித்தான் நடக்குது. மீனவர்களைக் கூப்பிடுங்க, மூடி போட்ட காலி கேன், கயிறு எது கிடைச்சாலும் வீசுங்க. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி, மூழ்கிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களைக் கரை சேர்த்தாங்க. அவங்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவிழ்க்க வெட்கப்பட்டிருந்தா அந்தப் பிள்ளைங்க இல்லை. கடல் திடீர்னு உள்வாங்கிப் போச்சுன்னா வேடிக்கை பார்க்க நிக்கவே கூடாது, மேட்டுப் பக்கம் ஓடணும். 2004 டிசம்பர் 26-ஐ நம்ம கரையோரக் குழுக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காணும் பொங்கலன்று மட்டும் போகாதீங்க. அன்னைக்கு கடலில் இறங்கவும் விடமாட்டாங்க, பஸ்ஸையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திடுவாங்க, பிள்ளைங்க தொலையற நாள் அது. ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். ஒரு வார நாளில் காலை முதல் பஸ்ஸில் போங்க. கழிவறைக்கு நம்ம பெண்கள் தண்ணி குடிக்காமலே இருந்து மயக்கம் போட்டு விழுவாங்க. தண்ணி குடிங்க, கட்டணக் கழிப்பறைக்குச் சில்லறை தனியா முடிஞ்சு வச்சுக்குங்க. கையில் 112, 181, 108 மூன்று எண்ணும் எழுதி வச்சிருக்கணும், போனில் சார்ஜ் இல்லாமப் போனாலும் பேப்பர் இருக்கும்.

இறங்கினவுடனே முதல் வேலை, திரும்பற பஸ் நேரத்தை இரண்டு பேர்கிட்ட தனித்தனியா கேட்கிறது. கடைசி பஸ்ஸை நம்பாதீங்க, அதுக்கு முந்தின பஸ்ஸுக்கும் முந்தினதில் ஏறுங்க. சாயந்திரம் 4 மணிக்கு எல்லாரும் தலசயனப் பெருமாள் கோயில் முன்னாடி, தலையை எண்ணணும்.

முதல் அணி அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை கிளம்புது. 20 பேருக்கு மேல் வேண்டாம். பெயர் கொடுக்கிறவங்க இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஊக்குநர்கிட்ட கொடுங்க, அடையாள அட்டை நகல் ஒன்று சேர்த்து. கட்டுச்சோறு அவரவர் எடுத்துட்டு வரணும், ஊறுகாய் கூட்டமைப்பு செலவு. ஆயாவோட பெயரை நான் முதலிலேயே எழுதிட்டேன், அவங்க பக்கத்து சீட்டு எனக்கு.