திருப்பணியும் கலைக்கூடமும்

(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் உரைவடிவம்)



திருக்கோயில்களுக்குப் பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்த்துதல் இந்நாட்டு மரபு. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டினையும் சேர்த்து இடித்த மருந்தே பீடத்தையும் திருமேனியையும் பிணைத்து நிற்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அம்மருந்து இறுகும், வெடிக்கும், நீர் உட்புக இடந்தரும். ஆதலின் அதனை அகற்றிப் புது மருந்து சாத்துகின்றனர். கல்லும் சுதையும் மூப்படையும் என்பதை முன்னோர் மறைக்கவில்லை. மூப்பை அறிந்து, அதற்குரிய பணியையும் வழிபாட்டின் அங்கமாகவே வகுத்து வைத்தனர்.

ஆயினும், புதுக்குதல் என்றால் என்ன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழையதை அகற்றிப் புதியதை அமைப்பது மட்டுமே புதுக்குதல் ஆகுமா? அவ்வாறாயின், இடித்துக் கட்டுபவர் அனைவரும் திருப்பணி செய்தவரே ஆவர். இக்கேள்விக்குச் சோழநாட்டு வரலாற்றில் ஒரு பெருமாட்டி விடை தந்து சென்றிருக்கின்றார்.

அப்பெருமாட்டி செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவியார். உத்தம சோழனைப் பெற்ற அன்னையார். பத்தாம் நூற்றாண்டில், செங்கல்லால் ஆகியிருந்த பழங்கோயில்கள் பலவற்றைக் கருங்கல்லால் எடுப்பித்தவர். காவிரியின் வடகரையில் உள்ள திருக்கோடிகாவும் அவர் திருப்பணி பெற்ற தலங்களுள் ஒன்று. அங்கே பழைய கோயிலைச் சார்ந்த கற்களில் முன்னை மன்னர் காலத்து அறச்செய்திகள் பொறிக்கப்பட்டிருந்தன. விளக்கெரிக்க விட்ட பொன் இவ்வளவு, நிவந்தமாக விட்ட நிலம் இவ்வளவு என்பன போன்ற செய்திகள் அவை. புதிய கற்றளி எழும்போது அக்கற்களை வேண்டாதனவென்று ஒதுக்கியிருந்தால் கேட்பார் யார்? அவ்வாறு நேரவில்லை. பழைய எழுத்துக்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தனர். அத்துடன் நில்லாது, இது பழங்கல்லிலிருந்து எடுத்த படி என்னும் குறிப்பையும் உடன் பொறித்தனர். அதற்குப் ‘பழங்கற்படி’ என்றே பெயர் வழங்கிற்று.

இச்செயலில் இரண்டு அறங்கள் அடங்கியுள்ளன. பழைய சான்று அழியலாகாது என்பது ஒன்று. படியானது தன்னை மூலமென்று காட்டிக்கொள்ளலாகாது என்பது மற்றொன்று. 1964ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் தொன்மைச் சின்னங்களைப் பேணுதற்குரிய நெறிமுறைகளை வகுத்தார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிக்கும் கை நின்றுவிட வேண்டும் என்பதும், புதிதாகச் சேர்த்த பகுதி புதிது என்று அறியும்படி இருத்தல் வேண்டும் என்பதும் அந்நெறியின் சாரம். உலகம் இருபதாம் நூற்றாண்டில் எழுதிக்கொண்ட இவ்விதியின் உட்பொருளைத் திருக்கோடிகாவின் சுவர் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே ஏந்தி நின்றது.

இனி, கோயிலுக்கும் கலைக்கூடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். கோயிலில் திருமேனி வழிபாட்டுக்கு உரியது. அங்கம் குறைந்து பின்னமானால், ஆகமம் கூறும் முறைப்படி அதனைச் செப்பம் செய்தலோ, வேறு திருமேனி எழுந்தருளச் செய்தலோ வேண்டும். கலைக்கூடத்திலோ திருமேனி சான்றாக நிற்கின்றது. அதன் குறையும் சான்றின் ஒரு பகுதியே. கோயிலுக்குப் பொருந்தும் புதுப்பித்தல் கலைக்கூடத்துக்குப் பொருந்தாது. கலைக்கூடத்துக்குப் பொருந்துவது கோயிலுக்கு முற்றும் பொருந்தாது. இவ்வேறுபாட்டை மறந்தால் இரண்டிடத்தும் கேடு விளையும்.

இதற்குத் தஞ்சையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள அரண்மனையில் 1951ஆம் ஆண்டில் கலைக்கூடம் ஒன்று தோன்றிற்று. வயல் வெளிகளிலும் இடிந்த கோயில்களிலும் பேணுவாரின்றிக் கிடந்த கற்சிலைகளும், மண்ணுள் மறைந்திருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளும் அங்கே புகலிடம் பெற்றன. அவற்றுள் தலைசிறந்தது திருவெண்காட்டு ரிஷபவாகனர் திருவுருவம். முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1011ஆம் ஆண்டளவில், ஆக்கப்பெற்றது அது. அடுத்த ஆண்டில் தேவியின் திருவுருவமும் அமைந்தது. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, ஒரு காலை ஊன்றி, மறுகாலைக் குறுக்கே வைத்து, வலக்கையை மடித்து எதன்மேலோ சாய்த்தவாறு பெருமான் நிற்கின்றார். அக்கை சாய்ந்திருக்க வேண்டிய விடை இன்று இல்லை.

இல்லாத அவ்விடையை வார்த்து வைத்துவிட்டால் காட்சி நிறைவு பெறாதா என்று கேட்பவர் உண்டு. கைவல்ல தபதியர்க்கு அஃது அரிதன்று. ஆயின் அது 1011ஆம் ஆண்டின் விடையாகாது. இன்றையோர் எண்ணத்தில் தோன்றிய விடையே ஆகும். ஓரிரு தலைமுறை சென்றபின், காண்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பின்னொரு நாள் உண்மையான விடை மண்ணிலிருந்து வெளிப்பட்டால், அதற்குரிய இடத்தில் பொய் நின்றுகொண்டிருக்கும். ஆதலின் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டிருப்பது நேர்மை. அவ்வெற்றிடத்தைக் கண்டு விடையின் உருவைத் தன் உள்ளத்தில் வரைந்துகொள்ளாத அன்பர் எவரும் அங்கே இரார்.

மண்ணிலிருந்து எடுத்த திருமேனியைக் கண்டவுடன் அன்பினால் பலர் செய்ய விரும்புவது, புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்தலாகும். இதனால் விளையும் இழப்பு எத்தகையது என்பதைப் பத்தூர் நடராசப் பெருமானின் வரலாறு காட்டும். 1976ஆம் ஆண்டில் பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அத்திருமேனி, களவாகக் கடல் கடந்து இலண்டன் சேர்ந்தது. 1982இல், ஆய்வுக்கும் பராமரிப்புக்குமாகப் பிரிட்டிஷ் மியூசியத்தில் விடப்பட்டிருந்தபோது, காவல்துறையினர் அதனைக் கைப்பற்றினர். அதனைத் தேடிச் சென்ற வழக்கில், அது பத்தூர் மண்ணில் கிடந்ததே என்று நிறுவ வேண்டியிருந்தது. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும், அதன்மேல் கறையான் இட்ட தடங்களும், பத்தூரிலேயே கிடைத்த பிற திருமேனிகளில் உள்ளவற்றோடு ஒப்புநோக்கப்பட்டன. 1988இல் வழக்குமன்றம் கோயிலின் பக்கம் தீர்ப்பளித்தது; மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது; 1991இல் பெருமான் தாயகம் திரும்பினார். கறையான் மண்ணும் பெருமானுக்காகச் சாட்சி கூறிய வழக்கு அது. எவரேனும் அம்மண்ணை முற்றும் கழுவித் துடைத்து, மெருகேற்றியிருந்தால் அச்சாட்சியின் வாய் அன்றே அடைபட்டிருக்கும்.

அவ்வாறாயின் செப்புத் திருமேனிகளைத் தொடவே கூடாதோ எனின், அதுவும் பொருந்தாது. நோயுற்றதற்கு மருத்துவம் வேண்டும். செம்பில் உப்புச் சத்து ஊறியிருக்கும்போது காற்றின் ஈரம் பட்டால், வெளிறிய பச்சைப் பொடி பூக்கத் தொடங்கும். இதனை வெண்கல நோய் என்பர். விட்டுவிட்டால் உலோகத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டில் அமைந்த இரசாயனக் கூடத்தில் இந்நோய்க்கு மருத்துவம் காணப்பட்டது. சு. பரமசிவன் முதலிய அறிஞர்கள் அங்கே உழைத்தனர். திருமேனியைக் காரநீரில் அமிழ்த்தி, மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, உப்பை வெளிப்படுத்தினர். அம்முறை பல திருமேனிகளைக் காத்தது. ஆயினும் மேலே படிந்த பச்சைப் படலத்தையும் அது உடன் அகற்றிவிடுவதனால், இன்று அதனினும் மென்மையான முறைகளையே முதலில் நாடுகின்றனர். அவற்றுள் எளியது, பேழைக்குள் ஈரம் புகாமற் காத்தல். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40 என்னும் அளவுக்குள் நின்றால் நோய் பெரிதும் அடங்கிக் கிடக்கும். மருத்துவத்தினும் பத்தியம் சிறந்தது என்பது செம்புக்கும் பொருந்துவதே.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரோவியங்களோ இன்னும் நுட்பமான கேள்வியை எழுப்பின. 1931ஆம் ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சூழ்ந்த இருண்ட உட்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியத்தின் கீழே சோழர் காலத்து ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் திருக்கயிலை செல்லும் காட்சியும், முப்புரம் எரிக்க எழுந்த பெருமானின் கோலமும் அங்கே தீட்டப்பெற்றுள்ளன. கீழே உள்ள சோழர் ஓவியத்தைக் காண வேண்டுமாயின் மேலே உள்ள நாயக்கர் ஓவியத்தை நீக்க வேண்டும். ஒன்றைக் காண மற்றொன்றை அழிப்பதா? நாயக்கர் ஓவியமும் பல நூற்றாண்டு கண்டதன்றோ? பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் இதற்கு ஒரு வழி கண்டனர். மேற்படலத்தைச் சிதையாமல் உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டிப் பாதுகாத்தனர். கீழ்ப்படலம் சுவரிலேயே வெளிப்பட்டது. இரண்டு காலமும் பிழைத்தன. பொறுமையினால் மட்டுமே இயலும் பணி இது.

சிறிய ஊர்களில் உள்ள கலைக்கூடங்களுக்கு இத்தகைய வசதிகள் வாய்ப்பது அரிது. ஆயினும் அவற்றைப் புதுப்பிக்க முனைவோர் கைக்கொள்ளக்கூடிய முறைகள் எளியனவே. முதலாவது, பொருளை இடம்பெயர்க்கும் முன் பதிவேட்டைத் திறத்தல் வேண்டும். எந்த ஊர், எந்த இடம், எந்த ஆண்டு, எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்னும் செய்தி போய்விட்டால், சிலை தாய் தந்தை அறியாத பிள்ளையாகிவிடும். சுவருக்கு வண்ணம் பூசும் நாளில் பெயர்ப்பலகைகள் கலைந்து, ஓரூர்ச் சிலை வேற்றூர்ப் பெயரில் நிற்க நேர்ந்தால், அப்பிழையைத் திருத்தப் பிறகு ஒரு தலைமுறை உழைப்பு வேண்டும்.

இரண்டாவது ஒளி. கல்லுக்கும் செம்புக்கும் ஒளியால் கேடில்லை. ஓலைச்சுவடி, துணி, தாளில் தீட்டிய ஓவியம் ஆகியவற்றுக்கோ ஒளியே மெல்லக் கொல்லும் நஞ்சு. அவற்றின்மேல் 50 லக்ஸ் அளவுக்கு மேற்படாத ஒளியே விழலாம் என்பது அறிஞர் கொண்ட அளவு. காட்சி பளிச்சென்று இருத்தல் வேண்டும் என்னும் ஆசையால் பெருவிளக்குகளை ஏற்றினால், காண வந்தவர் மகிழ்வர். காணப்படும் பொருள் வெளிறும்.

மூன்றாவது விளக்கப் பலகை. ‘விஷ்ணு, கல், 11ஆம் நூற்றாண்டு’ என்று எழுதிவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. எந்தக் கோயிலின் எந்தக் கோட்டத்தில் நின்றது, அங்கே யார் வழிபட்டனர், ஏன் இங்கு வந்தது என்பவற்றை எளிய தமிழில் எழுதினால், பள்ளிச் சிறுவனும் நின்று படிப்பான். உடைந்த கையைச் சுதையால் ஒட்டியிருந்தால், ஒட்டிய பகுதி இது என்பதையும் அப்பலகை ஒளியாது கூறுதல் வேண்டும். இன்றைய பழங்கற்படி அதுவே.

இவ்வறம் கலைக்கூடத்தோடு முடிவதன்று. திருப்பணிக் குழுவினர்க்கும் உரியது. தூய்மை செய்கின்றோம் என்னும் நல்லெண்ணத்தால் சுவர்களில் மணலை விசையோடு பீய்ச்சும்போது, அழுக்கோடு எழுத்தும் தேய்கின்றது. தளத்துக்குப் பட்டைக்கல் வேண்டுமென்று எழுத்துள்ள கல்லைக் குப்புறப் பதித்தால், ஓர் ஊரின் பத்திரம் தரைக்குள் போகின்றது. திருப்பணி தொடங்குமுன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்தலும், எழுத்துள்ள கற்களுக்கு எண்ணிடுதலும், கழித்த தூண்களையும் பின்னமான சிலைகளையும் மதிற்புறத்தே எறியாமல் திருச்சுற்றின் ஒரு மண்டபத்தில் முறையாக வைத்தலும் பெரும்பொருள் வேண்டாத பணிகள். அம்மண்டபமே அவ்வூரின் கலைக்கூடம் ஆகும்.

குடமுழுக்கு நிறைவெய்திய கோயிலில் வண்ணம் புதிது, சுதை புதிது, கலசம் புதிது. அவற்றினிடையே பழங்கல் ஒன்று எழுத்தழியாமல் நின்றால், அக்கோயிலைக் கட்டியவரும் காத்தவரும் அங்கேயே நிற்கின்றனர் என்பது பொருள். அடுத்த பன்னீராண்டில் திருப்பணி செய்ய வருவோர்க்கும் அக்கல்லே வழிகாட்டும். பெருமான் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக!